சிலுவை போடாத பெயர்

“பென்சில்ல எழுதுனா சாமிக்குக் கேக்குமா, பாப்பா?”

ரீத்தா முதலில் கேட்டது இதைத்தான். 2021 நவம்பர் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். வெளியே தூறிக்கொண்டிருந்தது. நான்சி கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, மடியில் ஒரு தலையணையை வைத்து, அதன்மேல் குடும்பத்தின் பழைய செபப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். கையில் கறுப்பு மைப் பேனா. அன்று கல்லறைத் திருநாள். மாலை நான்கு மணிக்குப் பங்குச் சாமியார் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, ஒவ்வொரு குடும்பத்திலும் இறந்தவர்களின் பெயர்களைப் படித்து, கல்லறைகளை மந்திரித்துவிட்டுப் போவார். அதற்குள் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு பெயரை ஏற்றிவிட வேண்டும் என்று நான்சியின் அப்பா டேவிட் சொல்லிவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்குப் போயிருந்தார்.

அந்தப் பெயர் சேவியர்ராஜ். டேவிட்டின் தம்பி, ரீத்தாவின் கணவன். ஏழு வருஷம் பத்து மாசத்துக்கு முன்னால் வேலைக்கென்று போனவர், திரும்பி வரவில்லை.

ரீத்தா நிலைப்படியில் நின்றிருந்தாள். மழைக்குத் தலையில் யூரியாச் சாக்கைக் கூம்பாக மடித்துப் போட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் சிலை இருக்கும் குகை போன்ற கெபிக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவது அவள் வழக்கம். காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருபவர் அந்தோணியார். அங்கிருந்து நேராக இங்கே வந்திருந்தாள்.

“தெரியல சித்தி. அப்பா பேனாலதான் எழுதச் சொன்னாரு.”

“உங்கப்பா சொல்லுவாரு. எழுதப் போறது நீதான? உன்னத்தான் கேக்கறேன்.”

நான்சி பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“வாயில இன்னா, கொழுக்கட்டையா? காலேஜுக்குப் போயி ரெண்டு பாஷை படிக்கற. ஒரு பாஷையிலயாவது பதில் சொல்லேன்.”

“பென்சில்னா அழிச்சிடலாம்” என்றாள் நான்சி.

ரீத்தா சாக்கை உதறி வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்து, பாயின் ஓரத்தில் குந்தினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாளே தவிர, புத்தகத்தைத் தொடவில்லை.

“அப்ப பென்சில்லயே எழுது. உங்கப்பா மூணு வருஷமா கேட்டுக்கினு இருக்காரு. தம்பி கனவுல வந்து தண்ணி கேக்கறானாம். இவருக்குத் தூக்கமே இல்லையாம். ஏன், எங்கிட்ட வந்து கேக்கல அவரு? நான் ஒரு சொம்புத் தண்ணி குடுக்க மாட்டனா?”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு நின்றதும், “ஆனா சிலுவ போடாத” என்றாள்.

“போடலன்னா சாமி படிக்க மாட்டாரே சித்தி.”

“அதுக்குத்தான் சொல்றேன். எழுத்து இருக்கட்டும், உங்கப்பாவுக்கு. வாய்விட்டுப் படிக்க வேணாம், எனக்கு. செவல மாட்டத் தாண்டிப் போற மாதிரி சாமி அவரத் தாண்டிப் போவட்டும்.”

நான்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“உங்கப்பாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா மாமா அழுதுடுவாரு. ஆம்பள அழுவறத என்னால பாக்க முடியாது.”

“சொல்லிடறேன் சித்தி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

ரீத்தா எழுந்து சாக்கை மறுபடி தலையில் போட்டுக்கொண்டு போனாள். நான்சி பையில் துழாவி ஒரு பென்சிலை எடுத்தாள். சித்தப்பாவின் பெயரை மெல்லிய கோட்டில் எழுதினாள். பெயருக்கு முன்னால் சிலுவைக்கு விட வேண்டிய இடத்தை வெறுமனே விட்டாள்.

செவலை மாட்டின் கதை வடக்கனந்தலைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் அந்த மாதா கோவில் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் வீட்டில் இருந்த ஒரே காகிதம் அந்தப் புத்தகம்தான். அதனால் செத்தவர்கள் பெயரை எழுதிய அதே பின்பக்கங்களில் மாடு கன்று போட்ட நாள், ஏரி உடைந்த வருஷம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு கல்லறைத் திருநாளில் கண் மங்கிய ஒரு சாமியார் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவர், ‘செவலை’ என்பதையும் படித்துவிட்டார். கூட்டமும் யோசிக்காமல் அந்த ஆத்துமாவுக்காகப் பதில் செபம் சொல்லிவிட்டது. மாடு அப்போது உயிரோடுதான் இருந்தது. மறுவாரம் செத்துப்போனது. அன்றிலிருந்து இறந்தவர் பெயருக்கு முன்னால் சிலுவை போட வேண்டும், சிலுவை உள்ள வரியை மட்டும்தான் படிக்க வேண்டும் என்று ஆயிற்று. மாடு செத்ததைச் சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். ரீத்தா அந்த இடத்தில் சிரித்ததில்லை.

புத்தகம் நான்சியின் கொள்ளுத்தாத்தா காலத்தில் வீட்டுக்கு வந்தது. அவர் ஒரு பிரெஞ்சுச் சாமியாருக்குச் சமையல்காரராக இருந்தார். சாமியார் ஊர் திரும்பும்போது அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். நல்ல மரணத்துக்காகச் சொல்ல வேண்டிய செபங்களின் புத்தகம் அது. கன்றுத்தோல் அட்டை. வெடித்துவிடாமல் இருக்க வருஷத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் தடவுவார்கள். பல வருஷத்து எண்ணெயும் கை வியர்வையும் ஏறி அது புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. ஓரத்தில் பித்தளைக் கொக்கி. உள்ளே பழைய எழுத்து. ‘லை’யும் ‘ணா’வும் சுழித்துக் கிடக்கும். வீட்டில் அதைத் தடையில்லாமல் படிக்கத் தெரிந்தவள் நான்சி ஒருத்திதான்.

முன் அட்டையில் ஒரு பறவை, தோலில் அழுத்திப் பதித்தது. கழுத்தை வளைத்துத் தன் நெஞ்சைத் தானே கொத்திக்கொண்டிருக்கும். கீழே கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்திருக்கும். பின் அட்டையில் சிலுவை, அதன் அடியில் ஒரு மண்டையோடு. முன் அட்டைக்கு உட்புறம் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர்கள். பின் அட்டைக்கு உட்புறம் இறந்தவர்களின் பெயர்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவரும் பறவைப் பக்கம் ஒருமுறை, மண்டையோட்டுப் பக்கம் ஒருமுறை எழுதப்பட்டே ஆக வேண்டும். யாராவது சாகக் கிடந்தால் புத்தகத்தைப் பறவை மேலே தெரியும்படி நெஞ்சில் வைப்பார்கள். மூச்சு நின்றதும் திருப்பி வைப்பார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒப்பாரி ஆரம்பிக்கும்.

ரீத்தா களமருதூர்ப் பக்கத்துப் பெண். நெல் வயலும் சேறும் பழகியவள். 2005இல் கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு இருபத்தொன்று. கரும்புச் சோகை கையைக் கிழிக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. முதல் மாசம் இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தாள். சேவியர்ராஜ் வெட்டிப் போட, அவள் கட்டுக் கட்டினாள். அவர் பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டுவார், ஒரு பாட்டையும் முழுசாகப் பாடத் தெரியாது. “அடுத்த வரி தெரியலன்னா வாய மூடிக்கினு வெட்டேன்” என்று அவள் கத்துவது நாலு வயலுக்குக் கேட்கும்.

2008இல் ரோஸ்லின் பிறந்தாள். 2010 ஆடியில் மூளைக்காய்ச்சலில் போனாள். இரண்டே கால் வயசு. அந்தப் பிள்ளையின் நெஞ்சைவிடப் புத்தகம் அகலமாக இருந்தது. இரண்டு பக்கமும் கையால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. திருப்பி வைக்க வேண்டிய நேரம் வந்தபோது ரீத்தா விடவில்லை. “இன்னும் சூடா இருக்குது, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சேவியர்ராஜ்தான் திருப்பி வைத்தார். பின்பக்கத்தில் மகள் பெயரை எழுதியவரும் அவரே. ஐந்தாவதுவரை படித்தவரின் எழுத்து; ‘ரோ’ என்ற எழுத்தே அரை வரியை அடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் புத்தகத்தில் அவர் கைபட எழுதியது அது ஒன்றுதான்.

2014இல் பொங்கல் முடிந்த மறுவாரம், ஓசூர்ப் பக்கம் கட்டட வேலை, இரண்டு மாசத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிக் கிளம்பினார். கூடவே மலையிலிருந்து நாலு பேர். தவக்காலம் வந்தது, ஈஸ்டர் வந்தது, அவர் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. டேவிட் ஓசூருக்குப் போய் மூன்று நாள் சுற்றிவிட்டு வந்தார். புகார் எழுதிக் கொடுத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் சித்திரையில்தான் உண்மையில் பாதி தெரிந்தது. கூடப் போனவர்களில் ஒருவர் தமிழழகன், வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூர்க்காரர், ஜெயிலிலிருந்து வெளியே வந்திருந்தார். ஓசூரும் இல்லை, கட்டடமும் இல்லை. ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டப் போயிருக்கிறார்கள். ரீத்தா கச்சிராயப்பாளையத்தில் பஸ் ஏறி, வளைவு வளைவாக மலையேறி, அவரைத் தேடிப் போனாள். தமிழழகன் கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்த பாறையிலேயே அவளை உட்கார வைத்துச் சொன்னார்.

“மூணாம் நாளு தங்கச்சி. திடீர்னு டார்ச்சு வெளிச்சம், விசிலு. எல்லாரும் ஆளுக்கொரு பக்கமா ஓடுனோம். அவரு பள்ளத்துப் பக்கமா, ஆத்தப் பாத்து ஓடுனாரு. நான் மேட்டுப் பக்கம் ஓடி மாட்டிக்கினேன். அப்புறம் அவர நான் பாக்கல.”

ரீத்தா மறுபடி போனாள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு பை கருவாட்டோடு. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லச் சொல்வாள். விசில் எந்தப் பக்கமிருந்து வந்தது, அவர் காலில் செருப்பு இருந்ததா, ஆற்றில் தண்ணீர் இருந்ததா. தமிழழகனும் சலிக்காமல் சொல்வார். அவர் மனைவி களி கிண்டிப் போடுவாள். ஐந்து தடவையும் கதை ஒரே மாதிரி இருந்தது. ஆறாவது தடவை, 2020இல், கொரோனா வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அவர் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்.

“ஓடுறப்போ திரும்பி என்னப் பாத்து கைய ஆட்டுனாரு தங்கச்சி. தப்பிச்சிட்டேங்கற மாதிரி.”

ரீத்தா கருவாட்டுப் பையை வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு மலைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான்சி கேட்டதற்கு, “உசுருக்கு ஓடுறவன் எவனாவது டாட்டா காட்டுவானா?” என்றாள். “அந்த மனுசனுக்கு எம்மேல எரக்கம் வந்துடுச்சி. எரக்கம் வந்துட்டா அப்புறம் அவருகிட்ட கேட்டு இன்னா பிரயோஜனம்?”

டேவிட்டுக்கு வந்த கனவு வேறு வகை. புத்தகத்தின் நடுவில் முழுப் பக்கத்துக்கு ஒரு படம் உண்டு, உத்தரிக்கிற ஸ்தலத்தின் படம். செத்த ஆத்துமாக்கள் பாவக் கறை தீரும்வரை வேகும் இடம். இடுப்பளவு நெருப்பில் நிற்கும் மனிதர்கள் கைகளை மேலே நீட்டியிருப்பார்கள். மேகத்திலிருந்து சிறகுள்ள ஒரு சம்மனசு குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும். உயிரோடு இருப்பவர்கள் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ளும் ஒவ்வொரு செபமும் ஒரு துளி தண்ணீர் என்று படத்தின் கீழே எழுதியிருக்கும். டேவிட்டும் சேவியர்ராஜும் சின்ன வயசில் அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து வளர்ந்தவர்கள். தம்பி அந்த நெருப்பில் நின்று கையை நீட்டுவதாகவும், மற்றவர்களுக்கெல்லாம் தண்ணீர் விழ, அவன் பெயரைச் சொல்ல ஆள் இல்லாததால் குடம் அவனைத் தாண்டிப் போவதாகவும் டேவிட் கனவு கண்டார். ஒரு தடவை இல்லை, பல தடவை. பகலில் கூட வரப்பில் உட்கார்ந்து அழுவார்.

“பேர எழுதாம அவன வேக வுடறோம் ரீத்தா” என்பார்.

“உசுரோட இருக்கறவருக்கு எழுதுனா நானே அவரக் கொன்ன மாதிரி, மாமா” என்பாள் அவள்.

இரண்டு பேரும் அந்தப் புத்தகத்தை முழுக்க நம்பினார்கள். அதனால்தான் இருவரில் யாராலும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. ரீத்தா ஒருநாள் நான்சியிடம் அந்தப் படத்தைக் காட்டச் சொல்லி, நெருப்பில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். பதினோரு முகங்கள். “இதுல இல்ல” என்று சொல்லிவிட்டு மூடினாள். அட்டைப் பறவையைப் பார்த்து, இது ஏன் இப்படிக் கொத்திக்கொள்கிறது என்று கேட்டதும் அன்றுதான்.

“இது கூழைக்கடா சித்தி. பஞ்சத்துல குஞ்சுங்களுக்குத் தீனி கெடைக்காதப்போ தன் நெஞ்சக் கொத்தி ரத்தத்தக் குடுக்குமாம். இயேசு நமக்காக ரத்தம் சிந்துனாருல்ல, அதுக்கு அடையாளம்.”

“கோமுகி டேமுல பாத்திருக்கேனே, பை மாதிரி மூக்கு. அது மீனு புடிச்சித்தான போடும்?”

“நெசத்துல அப்டித்தான். இது அந்தக் காலத்து நம்பிக்கை.”

ரீத்தா விரலால் கூட்டைச் சுற்றிப் பார்த்தாள். “சரி, ஆம்பளப் பறவ எங்க?”

“படத்துல இல்ல.”

“ஓசூருக்குப் போயிருக்கும், கட்டட வேலைக்கு” என்றாள் ரீத்தா.

கல்லறைத் திருநாள் அன்று டேவிட் மத்தியானம் இரண்டு மணிக்குக் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பாயில் இருந்த புத்தகத்தை எடுத்துப் பின்பக்கத்தைப் பிரித்தார். தம்பியின் பெயரைப் பார்த்தார். ஆள்காட்டி விரலால் பெயரின் மேல் கோடு போட்டபடி மூன்று தடவை வாசித்தார்.

“சிலுவ போட மறந்துட்டியே பாப்பா” என்றார்.

நான்சி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். மூன்று வருஷமாகத் தூங்காத மனிதர், குளித்த ஈரம் காயாத கையால் பேனாவை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு புத்தகத்தில் விழப் பார்க்க, அவசரமாகத் தோளால் துடைத்துக்கொண்டார். பெயருக்கு முன்னால் விட்டிருந்த இடத்தில் ஒரு சிலுவை போட்டார். சின்னதுதான். இரண்டு கோடு.

போகும் வழியில் சொல்லிவிடலாம் என்று நான்சி நினைத்தாள். வழியில் சொந்தக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் சொல்லலாம் என்று நினைத்தாள். அங்கே டேவிட் புத்தகத்தைப் பாலிதீன் உறையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். சாமியாரிடம் போய் நேராகச் சொல்லலாம் என்று இரண்டு எட்டு வைத்தாள். எல்லோருக்கும் முன்னால் வாயைத் திறக்க வேண்டுமே என்ற எண்ணம் காலைப் பிடித்தது. சாமியாருக்கு உதவும் கோயில் பிள்ளை வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனான்.

மழை வலுத்திருந்தது. சுண்ணாம்பு அடித்த கல்லறைகளில் வெள்ளை வழிந்து சேற்றில் கலந்துகொண்டிருந்தது. சாமந்தியும் பொரியும் ஊறிக் கிடந்தன. ரீத்தா ரோஸ்லினின் சின்னக் கல்லறைக்கு முன்னால் குந்தி, மெழுகுவத்தி அணையாமல் ஒரு குடையைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள். நான்சி அவளுக்கு நேர் எதிரே, மூன்று கல்லறை தள்ளி நின்றாள்.

சாமியார் புதியவர், இளைஞர், நல்ல குரல். ஒரு பெயர் படிப்பார். கூட்டம் பதில் செபம் சொல்லும். அடுத்த பெயர். பதில். மழைச் சத்தத்தில் அது ஒரு தாளம் போல ஓடிக்கொண்டிருந்தது. டேவிட்டின் அப்பா பெயர், பதில். ரோஸ்லின், பதில். சேவியர்ராஜ்.

கூட்டத்தோடு சேர்ந்து ரீத்தாவும் பதில் சொன்னாள்.

குழந்தைப் பருவத்திலிருந்து சொல்லிப் பழகிய வாய். பெயர் காதில் விழுந்தது. மனசில் விழுவதற்குள் வாய் சொல்லி முடித்துவிட்டது. அவனுடைய ஆத்துமா இளைப்பாறட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தது. அவள் சாமியாரைப் பார்க்கவில்லை, டேவிட்டைப் பார்க்கவில்லை. நேராக நான்சியைப் பார்த்தாள். குடை சரிந்து மெழுகுவத்தி அணைந்தது. சாமியார் அடுத்த குடும்பத்தின் பட்டியலுக்குப் போயிருந்தார்.

கல்லறையில் புருஷன் பெயரைப் படித்துவிட்டால் மறுநாள் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அது அந்தத் தெரு வழக்கம். களமருதூரிலிருந்து ரீத்தாவின் அண்ணன் சின்னராசு நனைந்துகொண்டே வந்தார். அவருக்கு யார் போன் செய்தார்கள் என்று நான்சிக்குத் தெரியாது. சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

“வாண்ணா, உள்ள வா. இன்னாத்துக்கு வெளியவே நனைஞ்சிக்கினு நிக்கற?” என்றாள் ரீத்தா. “நீயா கொன்ன?”

அவள் மறுப்பாள், சண்டை போடுவாள் என்று நான்சி எதிர்பார்த்தாள். ஒருவேளை அதை விரும்பினாள். ரீத்தா எதுவும் செய்யவில்லை. சாமி முன்னால் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க முடியாது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. நான்சியின் அம்மா அவள் கழுத்திலிருந்து சிலுவைத் தாலியைக் கழற்றும்போது, கொக்கி முடியில் சிக்கிக்கொண்டது. “மெதுவாக்கா” என்றாள் ரீத்தா. கோடியைக் கட்டிக்கொண்டு வந்து டேவிட்டின் முன்னால் நின்றாள்.

“தண்ணி ஊத்திட்டோம் மாமா. இனிமே தூங்குங்க.”

டேவிட் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கனவு வரவில்லை. படுத்ததும் தூங்கிவிடுகிறார், குறட்டையோடு. சிலுவை மறந்து விடுபட்டதல்ல, விடச் சொன்னது என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. ரீத்தா காட்டிக்கொடுக்கவில்லை. நான்சியும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரீத்தா அந்தோணியார் கெபிக்குப் போகவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் போகவில்லை. கெபியைத் துடைக்கும் அம்மாள் வழியில் மறித்து, “இன்னா ரீத்தா, அந்தோணியார மறந்துட்டியா?” என்றாள்.

“தேடுறதுக்கு ஒண்ணும் இல்லையே” என்றாள் ரீத்தா. “கெடச்சிட்டாருன்னு எழுதிட்டாங்கல்ல.”

நான்சியிடம் மட்டும் அவள் பேசவில்லை. திட்டவும் இல்லை. தண்ணீர்க் குழாயில் எதிரெதிரே நின்றால் குடத்தைப் பார்ப்பாள். நாலு மாசம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிவிட்டு மண் கையோடு வந்தவள், வாசலில் நின்றபடி, “பாப்பா, கொஞ்சம் தண்ணி குடு” என்றாள். நான்சி சொம்பை நீட்டினாள். ரீத்தா அண்ணாந்து குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்.

“நீ எழுதுன. உங்கப்பா சிலுவ போட்டாரு. சாமி படிச்சாரு. ஆனா ஆமென்னு சொன்னது நான்தான். அதனால நீ மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு திரியாத. பாக்க சகிக்கல.”

மன்னிப்பு என்று அதைச் சொல்ல நான்சிக்குத் துணிச்சல் இல்லை.

ரீத்தாவுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. கரும்பு வெட்டுக்குப் போவதில்லை, முழங்கால் விடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலுக்கு உதவியாளராக இருக்கிறாள். முட்டை உரிக்கும்போது பிள்ளைகளை அதட்டுகிற குரல் ரோட்டுக்குக் கேட்கும். கோடிச் சேலைக்குப் பிறகு வெள்ளைதான் கட்ட வேண்டும் என்று யாரோ சொன்னதற்கு, “புகையில வெள்ள தாங்காது, நீ வந்து தொவச்சிப் போடறியா?” என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள். ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறாள். ரோஸ்லின் பெயர்வரை இருக்கிறாள். அந்தப் பெயருக்குப் பதில் சொன்னதும் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, அடுத்த பெயர் வருவதற்குள் வாசலைக் கடந்துவிடுகிறாள். கூட்டம் வழிவிடுகிறது. யாரும் ஏனென்று கேட்பதில்லை.

நான்சி கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த வருஷம், 2023 தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவளும் ரீத்தாவும் கச்சிராயப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். ரீத்தாவின் கையில் சத்துணவுக்கு வாங்கிய கீரைக் கட்டு. நான்சியின் பஸ் வரவில்லை. வெள்ளிமலை பஸ் வந்து, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, உறுமிக்கொண்டு நின்றது. ரீத்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மலைக்காரரு பொய் சொன்னாரு பாத்தியா, கைய ஆட்டுனாருன்னு” என்றாள். “சும்மா எவனாவது பொய் சொல்லுவானா? பொய் சொல்றாருன்னா, அடியில மறைக்கறதுக்கு ஒரு நெசம் இருக்குதுன்னுதான அர்த்தம்? எனக்கு அப்பவே தெரியும். கேக்கத்தான் தைரியம் இல்ல.”

நான்சி அவள் பக்கம் நகர்ந்து நின்றாள்.

“எனக்குச் செபம் சொல்லவே வரல பாப்பா. செத்தவங்களுக்குச் சொல்றத ஆரம்பிப்பேன், பாதியில, ஐயோ, இருந்துட்டா இன்னா பண்றதுன்னு நிறுத்திடுவேன். தூரதேசம் போனவங்களுக்குச் சொல்றத ஆரம்பிப்பேன், பாதியில அந்த நெருப்புப் படம் வந்து நிக்கும். ரெண்டும் அரகொறயாப் போவுது. எதுவும் அவருகிட்ட போய்ச் சேரல.”

பஸ் கிளம்பியது. புகை அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். கீரைக் கட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“நீ ஒரு நாளு மலைக்குப் போயி அவரக் கேளு. உங்கிட்ட நெசத்தச் சொல்லுவாரு, நீ பொண்டாட்டி இல்லல்ல. கேட்டுட்டு வந்து இன்னான்னு எங்கிட்ட சொல்லாத. நான் கெஞ்சிக் கேட்டாக்கூட சொல்லாத. எந்தச் செபமோ, அத எனக்குப் பதிலா நீ சொல்லு, நிறுத்தாம, முழுசா. உங்கப்பாவுக்கு வேணாம், சாமியாருக்கு வேணாம், நீ மட்டும் தெரிஞ்சி வச்சிக்கோ. உனக்குத்தான் வாயத் தொறக்காம இருக்கத் தெரியும்.”